சனி ஞாயிறுக்கு இரண்டு கொலை வழக்குகள்

மதுரையில் கோர்ட்டுக்கு எதிரே பதினெட்டு வருடமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாரமெல்லாம் மனுவும் வாக்குமூலமும் அடித்துவிட்டு, லீவு நாளிலும் காதில் கொலை வழக்கா என்று வீட்டில் கேலி செய்வார்கள். நிஜக் குற்ற வழக்குகளைச் சொல்லும் பாட்காஸ்டும் (இணையத்தில் கேட்கும் ஒலித் தொடர்) ஆவணப்படத் தொடரும்தான் என் லீவு நாள் பொழுதுபோக்கு. ஆனால் கிடைத்ததையெல்லாம் நான் கேட்பதில்லை. பேப்பரில் வந்த செய்தியையே திகில் இசை போட்டு ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறவர்கள்தான் அதிகம். முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு புது சாட்சியோ, புது ஆவணமோ வரவில்லையா, நிறுத்திவிடுங்கள்.

சனிக்கிழமைக்கு 'இன் த டார்க்' பாட்காஸ்டின் இரண்டாவது சீசன் (2018). அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் வினோனா என்ற சின்ன ஊரில், 1996-ல் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவர் மீது அந்த வழக்கு ஆறு முறை விசாரணைக்கு வந்தது. ஆறு முறையும் ஒரே அரசு வழக்கறிஞர்! பாட்காஸ்டை வழங்கும் செய்தியாளர் மெடலின் பாரனும் அவர் குழுவும் அங்கேயே தங்கி, சாட்சிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார்கள். ஃபிளவர்ஸ் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்ன கைதி, ஜெயிலுக்குள்ளிருந்து போனில் பேசி, அது பொய் என்கிறார். அந்த இடத்தில் நான் மடித்துக்கொண்டிருந்த வேட்டியை அப்படியே மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, ஜூரியிலிருந்து (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியிருந்தது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 2020-ல் வழக்கு கைவிடப்பட்டது.

தென் மாநிலத்து ஆங்கிலம் புரியக் கொஞ்சம் சிரமம். வேகத்தை 0.8-ல் வையுங்கள். கிரைண்டர் ஓடும்போது கேட்காதீர்கள், பெயர்கள் நழுவிவிடும். ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சாட்சி யார், அன்று என்ன சொன்னார், இப்போது என்ன சொல்கிறார். மூன்றாவது எபிசோடுக்குள் உங்களுக்கே வழக்கு பிடிபட்டுவிடும்.

தமிழ் காதில் விழ வேண்டும் என்பவர்களுக்கு நெட்ஃப்ளிக்ஸில் 'த ஹன்ட் ஃபார் வீரப்பன்' (2023), நான்கு பகுதி. வீரப்பனின் மனைவி முத்துலட்சுமியும் பேசுகிறார், துரத்தியவர்களும் பேசுகிறார்கள். டெல்லி புராரி குடும்பத்தின் 11 மரணங்களைப் பற்றிய தொடரும் அங்கேயே இருக்கிறது. நல்ல தொடர்தான், ஆனால் சமீபத்தில் துக்கம் கண்ட வீட்டில் அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு 'த ஜின்க்ஸ்' (2015) ஆவணப்படத் தொடர், ஆறு பகுதி. நியூயார்க் கோடீஸ்வரர் ராபர்ட் டர்ஸ்ட் பற்றியது. 2000-ல் அவருடைய தோழி சூசன் பெர்மன் கொல்லப்பட்டபோது, போலீசுக்கு வந்த உறையில் பெவர்லி ஹில்ஸ் என்ற ஊர்ப்பெயரின் 'பெவர்லி' என்ற சொல்லில் ஆங்கில எழுத்து 'இ' ஒன்று கூடுதல். டர்ஸ்ட் எழுதிய பழைய கடிதத்திலும் அதே பிழை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி விருந்து.

அப்புறம்தான் கடைசிக் காட்சி. மைக்கைக் கழற்றாமல் பாத்ரூம் போன டர்ஸ்ட், 'நான் என்ன செய்தேன்?' என்று முணுமுணுக்கிறார், 'எல்லாரையும் கொன்றேன்' என்று தானே பதிலும் சொல்கிறார். அது ஒளிபரப்பாவதற்கு முந்தின நாள் அவரைக் கைது செய்தார்கள். ஆனால் 2019-ல் அந்தப் பேச்சின் எழுத்துப் பிரதி கோர்ட் ஆவணங்களில் வெளியானபோது வரிசை வேறாக இருந்தது. 'கொன்றேன்' முதலில், நடுவில் என்னென்னவோ புலம்பல், கேள்வி கடைசியில். படத்தொகுப்பில் இடம் மாற்றியிருந்தார்கள். வாக்குமூலத்தில் நான் இரண்டு வரியை இப்படி மாற்றி அடித்தால் வக்கீல் பேப்பரை முகத்தில் எறிவார். 2021-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, அது வேறு விஷயம்.

சரி, கதை தெரிந்துவிட்டதே என்று தள்ளிவைக்காதீர்கள். ஆறாவது பகுதி முடிந்ததும் அந்தக் கோர்ட் பிரதியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தை மட்டும் மறுபடி ஓடவிடுங்கள். ஒரு பக்கத்துக்கும் குறைவுதான்.