தி.நகரில் மலிவுத் துணி: பீஸ் பார்த்து எடுப்பது எப்படி

ஒரே ரேக்கில் தொங்கும் இரண்டு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம், ஒரே விலை 199, இரண்டிலும் ‘எம்’ என்றுதான் லேபிள். ஒன்றின் மேல் ஒன்றை விரித்துப் பாருங்கள். அரை இஞ்ச் வித்தியாசம் சாதாரணம், சில நேரம் ஒரு இஞ்சே வரும். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். பனியன் துணியை விரிக்கும்போது கொஞ்சம் இழுத்துவிட்டால், வெட்டிய பிறகு அந்த அடுக்கு மட்டும் சுருங்கிக்கொள்ளும். விலை கூடிய சரக்கில் இப்படி அளவு தப்பிய பீஸைச் செக்கிங்கிலேயே ஒதுக்கிவிடுவார்கள். 199 ரூபாய்ச் சட்டையில் அந்தச் செக்கிங் வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது. ரங்கநாதன் தெருவில் எந்தக் கடை மலிவு என்று அலைவதைவிட, நிற்கிற கடையில் எந்த பீஸ் நல்லது என்று பார்ப்பதில்தான் காசு மிச்சமாகும்.

கிளம்பும் முன்

வீட்டில் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து மூன்று அளவு எடுங்கள்: ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் அகலம், தோளிலிருந்து கீழ் ஓரம் வரை நீளம். வீட்டில் எல்லோருக்கும் இப்படி எடுத்து போனில் குறித்துக்கொண்டால், வராதவருக்கும் தைரியமாக எடுக்கலாம். குழந்தைத் துணியில் போட்டிருக்கும் வயதையோ நம்பரையோ நம்ப வேண்டாம், கடைக்குக் கடை மாறும். கையில் ஒரு இஞ்ச் டேப், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, இரண்டு துணிப்பை போதும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், பைக்குத் தனியாகக் காசு வாங்கும் கடைகள் உண்டு.

வார நாளில் கடை திறந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிறும் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் நேராக ரங்கநாதன் தெரு. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறிவிடுங்கள். சுமார் 570 மீட்டர் நடந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்கலாம், தெரு நெரிசலில் மாட்ட வேண்டாம்.

பனியன் துணியில் என்ன பார்ப்பது

முதலில் கனம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. டி-ஷர்ட்டுக்கு 160 முதல் 180 வரை இருந்தால் நன்றாக உழைக்கும். மலிவுச் சரக்கில் அந்த எண்ணைப் போட்டிருக்க மாட்டார்கள். சட்டைக்குள் கையை விட்டு விரல்களை விரியுங்கள். துணி வழியாக விரல்களை எண்ண முடிந்தால், நாலு மாதத்தில் வீட்டில் போடும் சட்டையாகிவிடும்.

அடுத்தது பக்கத் தையல். இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. இரண்டு தோளையும் பிடித்துச் சட்டையைத் தொங்கவிடுங்கள். அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை தையல் நேராக இறங்க வேண்டும். கடையிலேயே அது முன்பக்கம் திரும்பியிருந்தால், இரண்டு துவையலில் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நூலில் இருக்கும் முறுக்கு நனைந்ததும் தளரப் பார்க்கிறது, கூடவே துணியும் சாய்கிறது. இதை அயர்ன் செய்தும் சரியாக்க முடியாது, ஆல்ட்ரேஷனிலும் முடியாது. அதே குவியலில் நேராக இறங்கும் பீஸும் இருக்கலாம், தேடுங்கள்.

கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள், உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். நெஞ்சில் ரப்பர் பிரிண்ட் இருந்தால் அதையும் இரண்டு பக்கம் லேசாக இழுத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் வைத்துவிடலாம்.

சட்டை, குர்த்தி, பேன்ட்

சட்டையில் காலரைக் கிள்ளிப் பாருங்கள். மேல் துணியும் உள்ளே ஒட்டிய கேன்வாஸும் தனித்தனியாக நகர்ந்தால், துவைத்ததும் காலர் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். ஒவ்வொரு பட்டனையும் ஒரு சுண்டு சுண்டுங்கள். பிறகு சட்டையைப் புரட்டி உள் தையலைப் பாருங்கள். மலிவு ரெடிமேடில் துணியை மிச்சம் பிடிக்க ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தை மூடும் தையல்) ஓரத்தை ஒட்டி வெட்டியிருப்பார்கள், பிரித்துவிட மார்ஜினே இருக்காது. ஆகவே இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதையே எடுங்கள். பிடித்துத் தைக்கலாம், பிரித்துவிட முடியாது.

ரேயான் குர்த்தி கையில் வழுவழுவென்று விழும், விலையும் குறைவு. ஆனால் காட்டனைவிட அதிகம் சுருங்கும், நீளத்தில் ஒரு இஞ்ச் போனாலும் கண்ணுக்குத் தெரியும். முட்டியைத் தொட வேண்டும் என்றால் முட்டிக்குக் கீழே இறங்குவதாகப் பார்த்து எடுங்கள். லெக்கின்ஸை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, தொடைப் பகுதியைக் கையால் விரித்துப் பாருங்கள். விரித்த இடம் வெளிறினால், குனியும்போதும் அப்படித்தான் வெளிறும்.

பேன்டுக்கு ட்ரயல் ரூம் வரிசை நீளமாக இருந்தால் பழைய வழி ஒன்று உண்டு. பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு ஓரமும் பிடரியில் தொட்டுக்கொண்டால் பெரும்பாலும் இடுப்புக்குச் சரியாக இருக்கும். ஸ்ட்ரெச் ஜீன்ஸுக்கு இந்தக் கணக்கு உதவாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜிப்பை ஐந்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒருமுறை சிக்கினாலும் வேண்டாம்.

கருநீலம், மெரூன், கறுப்பு எடுக்கும்போது கைக்குட்டையை நனைத்து, மடித்துத் தைத்த ஓரத்தின் உட்பக்கத்தில் பத்துத் தடவை தேயுங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை. நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்ற துணியையும் கெடுக்கும். கடை வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும், ஊழியரிடம் சொல்லிவிட்டு வாசல் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நாள் முழுக்க நின்றபடி மடித்து மடித்து வைக்கிறவர்கள் அவர்கள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பார்த்த குவியலைக் கலைத்துப் போடாமல் ஓரமாக வைத்தால், உள்ளேயிருந்து இன்னும் நாலு பீஸ் தானாக வரும்.

பில் போடும் இடம்

பெரிய கடைகளில் தனித்தனி இடமாக நடக்கும். செக்‌ஷனில் பில் போடுவார்கள், பணத்தை கேஷ் கவுன்ட்டரில் கட்ட வேண்டும், துணி டெலிவரி கவுன்ட்டரில் கிடைக்கும், வாசலில் பில்லில் முத்திரை விழும். தப்பு நடப்பது முதல் இடத்தில்தான். இவ்வளவு நேரம் தேடி ஒரு பீஸை நீட்டுவீர்கள். “இது டிஸ்ப்ளே பீஸ்க்கா, புதுசு எடுத்துத் தர்றேன்” என்று கவர் பிரிக்காத ஒன்றை எடுத்துப் போடுவார். நல்ல எண்ணம்தான், ஆனால் அளந்து பார்த்தது அதுவல்ல. “பிரிச்சுப் பார்த்த இதையே போடுங்க தம்பி” என்று சொல்லிவிடுங்கள். புதியதுதான் வேண்டுமென்றால், கவரைப் பிரித்து முதலிலிருந்து பாருங்கள். டெலிவரியில் பில்லை வைத்துக்கொண்டு எண்ணிக்கையையும் சைஸையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டேக்கில் எம்.ஆர்.பி. போட்டிருந்தால் வரி அதற்குள்ளேயே அடக்கம், பில்லில் அதற்கு மேல் தனியாகக் கூட்டக் கூடாது. ஆடித் தள்ளுபடியில் சதவீதத்தைப் பார்த்து மயங்காமல் கடைசியில் கட்டும் தொகையைப் பாருங்கள். நைட்டி, துண்டு, பையன்களின் அரைக்கால் டவுசர் எடுக்க ஆடி நல்ல சமயம். எல்லா சைஸும் இல்லாமல் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சிக் கிடக்கும் சட்டைகளில் நேரம் போக்க வேண்டாம். எலாஸ்டிக்கை நம்பியிருக்கும் உள்ளாடைகளை எந்த மாதத்திலும் மலிவாக எடுப்பது வீண்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. மறுத்தால் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். நிறம் பிடிக்கவில்லை என்பது குறையில் சேராது. அது கடையின் எக்ஸ்சேஞ்ச் விதியைப் பொறுத்தது. பில் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். போட்டுப் பார்க்கும் வரை டேக்கைக் கிள்ள வேண்டாம்.

முதல் மூன்று துவையல் தனியாக, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள்; தயாரான துணியில் உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. ரேயானை முறுக்கிப் பிழியாமல், கொடியில் பாதியாக மடித்துப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் பிரிண்ட் சட்டையைத் திருப்பிப் போட்டே அயர்ன் செய்யுங்கள், நேராக வைத்தால் பிரிண்ட் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.