ஊக்கைக் கீழே வையுங்கள்: வைஃபை படுத்துவிட்டால் செய்யக்கூடாதவை

போன வாரம் இரவு பத்து மணிக்கு அக்கா பையன் போன் செய்தான். "மாமா, என் கம்ப்யூட்டர்ல நெட் வரல. ரவுட்டர் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு, ஊக்கால பத்து செகண்ட் அழுத்தினேன். இப்போ வீட்ல யாருக்குமே வரல." திட்ட வாய் வரவில்லை, அதே ஓட்டையில் நானும் ஒரு காலத்தில் குத்தியவன்தான். வைஃபை ஆனில் இருக்கிறதா, பாஸ்வேர்டு சரியா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்று நினைப்பது

கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பது மட்டும்தான் வைஃபை. ரவுட்டரைத் தாண்டி வெளியே போவது வேறு சமாச்சாரம். முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதைச் செய்யாமலேயே "போன்ல நல்லா வருதே" என்பவர்கள் ஏராளம்) அதே வைஃபையில் ஏதாவது தளம் திறக்கிறதா பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை நோண்டி ஒரு பயனும் இல்லை. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை, புகார் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கலாம்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லையா? விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து ipconfig என்று தட்டுங்கள். உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முகவரி ஒழுங்காக இருந்தால் டிஃபால்ட் கேட்வே என்று போட்டிருக்கும் எண்ணை, அதாவது ரவுட்டரின் முகவரியை, பிங் செய்யுங்கள் (ping என்று தட்டி எண்ணைக் கொடுத்தால் அங்கிருந்து பதில் வருகிறதா என்று காட்டும்), அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8. இரண்டும் பதில் தந்து, பெயரைக் கொடுத்தால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் மேல், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாட்டின் மேல், போக வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் ரீசெட் செய்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பாதிப் பழி நம் பேச்சுக்கு. "ரவுட்டரை ஒருதரம் ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று யாரோ சொல்வார்கள், அவர்கள் மனதில் இருப்பது சுவிட்சை அணைத்துப் போடுவது. கேட்பவர் ரவுட்டரைத் திருப்பிப் பார்க்கிறார், ஓட்டைக்குப் பக்கத்தில் ரீசெட் என்றே அச்சடித்திருக்கிறது, கையில் ஊக்கும் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான், உதவி மையத்திலிருந்து பேசியவர் சொன்னார், நானும் சமர்த்தாகக் குத்தினேன். அன்று வெள்ளிக்கிழமை இரவு. திங்கள் மதியம் வரை வீட்டில் நெட் இல்லை.

அணைத்துப் போட்டால் ரவுட்டர் தூங்கி எழுகிறது, அவ்வளவுதான். முப்பது நொடி அணைத்து வைத்து, போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் போதும். ரீசெட் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திரும்பிவிடும். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ (PPPoE, ரவுட்டரே பயனர் பெயர் கொடுத்து நுழையும்) வகை என்றால் அதற்கான பயனர் பெயர், பாஸ்வேர்டு, சில இடங்களில் நிறுவனம் தந்த விலேன் (VLAN) எண், எல்லாம் காலி. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பதற்கு மாறிவிடும், ஆகவே டிவி, பிரிண்டர், கேமரா என்று ஒவ்வொன்றாகப் போய் மறுபடி இணைக்க வேண்டும். அந்தப் பயனர் பெயர் எழுதிய சீட்டை இணைப்பு கொடுத்த அன்று என் கையில்தான் தந்தார்கள். எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை தெரியாது. இதில் கொடுமை என்னவென்றால், கோளாறு ரவுட்டரிலேயே இல்லை, லேப்டாப்பில் வைஃபையை அணைக்கும் விசையில் கை பட்டிருந்தது.

சில நிறுவனங்களின் பெட்டிகள் ரீசெட் ஆன பிறகு அமைப்புகளைத் தாமாகவே இறக்கிக்கொள்ளும், உண்மைதான். உங்களுடையது அந்த ரகமா என்பதைக் குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பேக்கப் வசதி இருந்தால் ஒரு கோப்பு எடுத்து வையுங்கள், வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதை மட்டும் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

டிரைவரை அழித்துவிட்டு அப்புறம் யோசிப்பது

வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். புது டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். மாட்டிக்கொண்டால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் வசதி) போடுங்கள்.

கேபினட்டின் முதுகில் செருகிவிட்டு சிக்னலைத் திட்டுவது

மேஜைக் கம்ப்யூட்டர்களில் இது சகஜம். வைஃபை கார்டுக்கான ஆன்டெனாவைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே வருடக்கணக்கில் ஓட்டியவரை எனக்குத் தெரியும். யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை டாங்கிள் வைத்திருந்தால் இன்னொரு விஷயம்: யுஎஸ்பி 3.0 சாதனங்கள் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். டாங்கிளுக்குப் பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால், கோப்பு நகலாகும்போதெல்லாம் வைஃபை தள்ளாடும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேஜைமேல் கொண்டுவாருங்கள். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் நெருக்கியடித்தால் 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றை வையுங்கள், இவை ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கமும் இடி வாங்க வேண்டியதுதான். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் பேசாமல் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள், சுவர் தாண்டினால் அது இளைத்துவிடும்.

ஒரே மூச்சில் ஐந்தை மாற்றுவது

ஒன்று மாற்றுங்கள், பாருங்கள், சரியாகவில்லை என்றால் பழையபடி வையுங்கள்.

திரையில் வரும் செய்தியைப் படிக்காமல் மூடுவது

அக்கா பையன் கதைக்கு வருகிறேன். மறுநாள் ரவுட்டரை உயிர்ப்பித்தாகிவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் நெட் வந்தது, அவன் கம்ப்யூட்டரில் மட்டும் அப்போதும் ஒரு தளமும் திறக்கவில்லை. பிங் எல்லாம் ஒழுங்காகப் பதில் தந்தது. "என்னடா எழுதியிருக்கு, வாசி" என்றேன். கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று பிரவுசர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாம், இவன் மூடிக்கொண்டே இருந்திருக்கிறான். தேதியைப் பார்த்தால் 2009. தேதி அவ்வளவு பின்னால் போனால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், பிரவுசர் உள்ளே விடாது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. தேதியைத் திருத்தினான், திறந்தது. பேட்டரியை அப்புறம் மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.