சேலத்தில் லேப்டாப் வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஜெர்மனியிலிருந்து லீவுக்கு சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் மூன்று பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அக்டோபரில் படிக்கப் போகும் பக்கத்துத் தெருப் பையன், கணவரிடம் போய்ச் சேரப்போகும் சித்தி மகள், நர்ஸ் வேலை கிடைத்திருக்கும் இன்னொரு பெண். "லேப்டாப் இங்கயே வாங்கிக்கட்டுங்களாண்ணா, அங்க போய் வாங்கிக்கட்டுங்களா?" தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அரசாங்க வேலைகளை நீட்டி முழக்கப் போவதில்லை. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதுதான் அன்மெல்டுங். மருத்துவக் காப்பீடு. படிக்க வருகிறவர்களுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ. இதெல்லாம் விசா கன்சல்டன்சிக்காரர்கள் பத்துத் தடவை சொல்லியிருப்பார்கள். லேப்டாப்பைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

அங்கே வீடு சின்னது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் எனக்கு ஆபீஸ், மனைவிக்கு ஜெர்மன் வகுப்பு, மகளுக்குப் படம் வரைகிற இடம். ஞாயிற்றுக்கிழமை சேலத்தோடு வீடியோ காலும் அங்கேதான். வேலைக்கொரு கம்ப்யூட்டர் வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றால் 14 அங்குலத் திரை, ஒன்றரைக் கிலோவுக்குள், 16 ஜிபி ராம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்). மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை மதர்போர்டோடு, அதாவது உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகையோடு, சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். அதனால் "இப்போதைக்கு 8 ஜிபி, அப்புறம் கூட்டிக்கலாம்" என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். திரையை முழுக்கப் பின்னால் மடக்கும் டச் மாடல் எனக்குப் பிடிக்கும். மகள் வரைவாள், கூடாரம் மாதிரி அடுப்பு மேடையில் நிறுத்தினால் சமையல் வீடியோ பார்த்துக்கொள்ளலாம். நண்பன் ஒருவன் கேமிங் லேப்டாப் கொண்டுவந்தான். இரண்டரைக் கிலோ, சார்ஜர் மட்டும் ஒரு செங்கல். ஒரு வாரம் லைப்ரரிக்குச் சுமந்துவிட்டு, போய் ஒரு டேப்லெட் வாங்கினான்.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் பிளக் மட்டும்தான் மாற்ற வேண்டும். அங்கே உருண்டையான இரண்டு முள் பிளக்.

இனி என் கதை. நான் வாங்கியது பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறுவதற்கு முந்தின நாள். அதுவே முதல் தப்பு. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை, 78,000 ரூபாய், மடக்கும் மாடல். "வெளிநாட்டுல ரிப்பேர் ஆனா?" என்று கேட்டேன். "உலகம் பூரா சர்வீஸ் இருக்குதுங்க சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. சர்வீஸ் உலகம் முழுக்க இருக்கிறது. வாரண்டிதான் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தாவது மாதம், சார்ஜ் ஏறும் துளை செத்துப்போன அன்றுதான் புரிந்தது.

கம்பெனியின் ஜெர்மன் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால், இந்த நாட்டில் வாரண்டி இல்லை என்று வந்தது. நம்பாமல் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கினார். அதற்குள் பழைய செய்தித்தாள் சுற்றிய கொலு பொம்மைகள் குடியேறியிருந்தன. வாட்ஸப்பில் வந்த படத்தில் பாதி அவர் கட்டைவிரல். மீதியில் பொடி எழுத்தில் இருந்தது: வாரண்டி இந்தியாவில் மட்டும் செல்லும். மதர்போர்டு மாற்ற அங்கே கேட்டது 389 யூரோ. கோபத்தில் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஆகவே, பில் போடுவதற்கு முன்னாடி கடை மேஜையிலேயே சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு, எந்தெந்த நாட்டில் வாரண்டி செல்லும் என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை வேண்டாம். சில கம்பெனிகளில் சில மாடலுக்கு மட்டும் வெளிநாட்டு வாரண்டி உண்டு, சிலதில் நாடு மாறுவதைப் பதிவு செய்ய வேண்டும். கீழே விழுந்தால் ரிப்பேர் என்று தனியாகக் காசு வாங்கிப் போடும் திட்டம் பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி. ஜிஎஸ்டி பில்லை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே வாங்கி, நன்றாக ஓட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் அங்கேயே வாங்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் புதுப்பொருளில் வாங்கும்போதே இருந்த குறைக்கு இரண்டு வருடம் விற்ற கடைதான் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. பழைய ஆபீஸ் லேப்டாப்களைச் சரிபார்த்து விற்கும் கடைகளும் உண்டு. அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று மட்டும் பாருங்கள், 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஒரே தொல்லை கீபோர்டு. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். ஏற்காடு என்று ஆங்கிலத்தில் பழைய பழக்கத்தில் அடித்தால் முதல் எழுத்தே இசட். அமெரிக்கக் கீபோர்டோடும் கிடைக்கிறது, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செத்துப்போன லேப்டாப்பை, பொங்கலுக்கு ஊருக்கு வந்த நண்பன் கையில் கொடுத்தனுப்பினேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் ஒரு லேப்டாப்தான் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால், பாவம், அவன் தன்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். இங்கே வாரண்டி இன்னும் மிச்சம் இருந்தது. நான்கே நாளில், பைசா வாங்காமல் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார்கள்.

அது திரும்ப ஜெர்மனிக்கு வரவில்லை. அம்மா அதைக் கூடாரம் மாதிரி மடக்கி, அரிசி டின் மேல் நிறுத்தி வீடியோ காலில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதவே, அவர் பார்க்கும் டிவி சீரியல் முடியட்டும் என்று ஒன்பதரை மணி வரை காத்திருந்துதான் அவரிடமிருந்து அதை வாங்கினேன்.