செய்தியோடையைக் கண்டுபிடிப்பதும் கட்டுக்குள் வைத்திருப்பதும்

ஐப்பசி மழை தொடங்கினால் சென்னைவாசிகள் நாலைந்து வானிலைப் பதிவுகளையாவது தினமும் திறந்து பார்ப்பார்கள். மார்கழியில் சபா கச்சேரிப் பட்டியல்களும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட தளம் தன் புதிய பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும் கோப்புதான் செய்தியோடை (ஆர்எஸ்எஸ்). இவற்றின் ஓடைகளை, அவற்றைத் தொகுத்துக் காட்டும் செயலியான ஒரே திரட்டியில் சேர்த்துவிட்டால் அங்கேயே படிக்கலாம்.

முதலில் தளத்தின் முகவரியை அப்படியே ஃபீட்லி, இனோரீடர் போன்ற திரட்டியில் ஒட்டுங்கள்; பெரும்பாலும் ஓடை அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால், வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ‘ஃபீட்’ என்று சேர்க்கவும். பிளாக்கரில் ‘ஃபீட்ஸ்’, ‘போஸ்ட்ஸ்’, ‘டிஃபால்ட்’ என மூன்று சொற்கள், இடையிடையே சாய்கோடு. அதன்பின் சாய்கோடு, சிறுகோடு, சாய்கோடு, குறிச்சொல் (பதிவுக்கு எழுதியவர் இடும் தலைப்புச் சொல்) என்று நீட்டினால் அந்தக் குறிச்சொல்லின் பதிவுகள் மட்டும் வரும். தமிழ்க் குறிச்சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். நகலெடுக்கும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். பாதியில் அறுந்தால் ஓடை வேலை செய்யாது. முழு முகவரியும் ஒட்டியிருக்கிறதா என்று கடைசி எழுத்துவரை பாருங்கள்.

கோப்புறைகளைத் தலைப்புவாரியாகப் பிரிப்பதைவிட, எவ்வளவு அடிக்கடி படிக்க வேண்டும் என்பதை வைத்துப் பிரிப்பதே நல்லது. நாளுக்கு நூறு செய்தி தள்ளும் நாளிதழ் ஓடையோடு மாதம் ஒருமுறை எழுதுபவரைச் சேர்த்தால், அவர் எழுதியது கண்ணிலேயே படாது.

ஓடையில் எல்லாப் பதிவும் இருக்காது. தளக்காரர் அமைப்பை மாற்றாதவரை வேர்ட்பிரஸ் கடைசிப் பத்துப் பதிவுகளைத்தான் தரும். கணினியில் மட்டும் இயங்கும் திரட்டியைச் சில வாரம் திறக்காமல் விட்டால், இடையில் வந்தவை நழுவிப்போகும். சுருக்கம் மட்டும் வருவது உங்கள் பக்கத் தவறல்ல, தளக்காரர் வைத்த அமைப்பு. அவரிடம் முழு ஓடை கேட்டுப் பாருங்கள்.

நன்றாக வந்த ஓடை திடீரென நின்றால், அதன் முகவரியை, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் ஓடைச் சரிபார்ப்பானில் கொடுங்கள். ஓடைக் கோப்பின் முதல் வரிக்கு முன்னே ஒரு வெற்றிடம் நுழைந்தாலே கோப்பு கெட்டுவிடும்; எந்த வரியில் பிழை என்று சரிபார்ப்பான் காட்டும்.

புயல் எச்சரிக்கைக்கு மட்டும் ஓடையை நம்பாதீர்கள். திரட்டி இடைவெளி விட்டுத்தான் எட்டிப்பார்க்கும். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பை நேரே பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (திரட்டிகள் பொதுவாகப் படிக்கும் பட்டியல் வடிவம்) இறக்கி வையுங்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற திரட்டி மூடப்பட்டபோது, பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்கள் அதை வேறு திரட்டியில் ஏற்றிக்கொள்ள முடிந்தது.