சேபா தீவுக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேபாவுக்குப் போய் மனம் சலித்துத் திரும்பியவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: மணற்கரையைத் தேடிப் போயிருப்பார்கள், அல்லது அருகிலுள்ள சின்ட் மார்ட்டன் தீவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பியிருப்பார்கள். சுமார் 13 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ இரண்டாயிரம் மக்களும் கொண்ட இந்த நெதர்லாந்துத் தீவு, கரீபியன் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் ஓர் எரிமலை. வெல்ஸ் விரிகுடாவில் ஆண்டின் சில மாதங்கள் மணல் ஒதுங்கும். பிறகு அலையே அதை இழுத்துக்கொண்டு போய்விடும். கடற்கரைதான் வேண்டுமென்றால் சின்ட் மார்ட்டனிலேயே தங்கிவிடுவது நல்லது.

ஒரு நாள் பயணமும் பயன் தருவதில்லை. சேபாவின் சிறப்பெல்லாம் மேகம் தவழும் மலையுச்சியிலும் நீருக்கடியிலும் இருப்பதால், வந்த அன்றே திரும்புகிறவர் இரண்டில் ஒன்றை, அதையும் அரைகுறையாக, பார்த்துவிட்டுப் போகிறார். குறைந்தது மூன்று இரவுகளாவது தங்க வேண்டும் என்பது என் கருத்து.

பயண இணைப்புகளை இறுக்கமாக அமைப்பது இதைவிடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். 1963-இல் திறக்கப்பட்ட சேபா விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 400 மீட்டர் நீளமே உடையது. பயணிகள் விமானங்கள் வந்துபோகும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகக் குறுகியது என்று பெயர் பெற்றது. இரு முனைகளும் கடலை நோக்கிய செங்குத்துப் பாறையில் முடிவதால், ட்வின் ஆட்டர் போன்ற சிறிய விமானங்கள் மட்டுமே இங்கு இறங்குகின்றன. சின்ட் மார்ட்டனிலிருந்து பறக்கும் நேரம் கால் மணி அளவுதான். ஆனால் காற்று பலமாக வீசினால் அந்தக் கால் மணிப் பயணமே ரத்தாகிவிடும். படகு எல்லா நாளும் ஓடுவதில்லை; ஓடும் நாளிலும் கடல் கொந்தளித்தால் வயிற்றைப் புரட்டும். ஆகவே, நீண்ட தூர விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவைச் சின்ட் மார்ட்டனில் கழிப்பதே பாதுகாப்பு. ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

தீவில் கால் வைத்த பின் நேரும் தவறுகளில் கடுமையானது, நாட்களை வரிசைப்படுத்துவதில் ஏற்படுவது. தங்கும் விடுதிகள் பல இருக்கும் வின்ட்வர்ட்சைடு கிராமத்துக்கு மேலே எழும் சீனரி மலை கிட்டத்தட்ட 870 மீட்டர் உயரமுள்ளது. நெதர்லாந்து இராச்சியத்திலேயே உயரமான இடம் இதுதான். காற்றுக்கலன் அணிந்து (ஸ்கூபா) கடலில் மூழ்கி எழுந்தவரின் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால் அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்பு வரை உண்டாக்கலாம். விமானம் ஏறும் முன் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள்கூட, காலையில் மூழ்கிவிட்டு மாலையில் மலையேறுவதும் ஏறக்குறைய அதே வகை ஆபத்து என்பதை மறந்துவிடுகிறார்கள். மலையை முதல் நாளே ஏறி முடித்துவிட்டுப் பிறகு கடலுக்குள் இறங்குங்கள். கடைசி நாளில் மூழ்காதீர்கள். சேபாவைச் சூழ்ந்த கடல் 1987 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக இருக்கிறது. உள்ளூரில் அனுமதி பெற்ற மூழ்கு நிலையத்தாருடன்தான் மூழ்க முடியும். பேர்பெற்ற நீரடிச் சிகரங்களின் தலையே 25 மீட்டருக்கும் கீழே இருப்பதால், புதிதாகக் கற்றவர்கள் ஆழம் குறைந்த இடங்களைக் கேட்டுப் பெறுவது நலம்.

மலைப்பாதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. படிகள்தானே என்று செருப்போடு ஏறத் தொடங்குவோர் பாதி வழியிலேயே வருந்துகிறார்கள். உச்சியை நெருங்க நெருங்க மேகக்காட்டின் ஈரத்தால் கற்களில் பாசி படர்ந்து வழுக்கும். பிடிப்புள்ள காலணியும் மெல்லிய மழைச்சட்டையும் தேவை. வானம் தெளிவாக இருக்கும் வேளை எது என்பதை விடுதிக்காரரைக் கேட்டுப் புறப்படுங்கள்.

வாடகைக் கார் எடுப்பதற்கு முன்பும் சற்று யோசிக்க வேண்டும். இங்கு சாலை அமைக்கவே முடியாது என்று நெதர்லாந்துப் பொறியாளர்கள் கைவிரித்தபோது, ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் தபால் வழியில் கட்டுமானக் கலை பயின்று, ஊர்க்காரர்களின் கைவேலையால் அதை அமைத்துக் காட்டினார்; முதற்பகுதி 1943-இல் திறக்கப்பட்டது. பெருமைக்குரிய சாலைதான், ஆனால் குறுகலானது, செங்குத்தானது; வாகனங்கள் வலப்புறமாகச் செல்பவை. இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள் டாக்சியை நம்புவதே மேல்.

நாணயம் யூரோ அன்று, அமெரிக்க டாலர். குடிநீர் பெரும்பாலும் கூரையிலிருந்து தொட்டியில் சேரும் மழைநீர் என்பதால், நீண்ட நேரம் குளிப்பதை உள்ளூரார் விரும்புவதில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: நெதர்லாந்தைச் சேர்ந்ததாயினும் சேபா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் பகுதிக்குள் வராது, கரீபியனிலுள்ள நெதர்லாந்துப் பகுதிகளுக்கு விசா விதிகள் தனி. அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்கு மட்டுமேயானாலும் அந்நாட்டு விசா வேண்டும்.