‘நன்று’ என்று எழுதினால் போதாது: பள்ளி முடிக்கும் பிள்ளையைப் பாராட்டும் முறை

காரைக்குடிப் பக்கம் கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் 27 வருடம் எழுத்தராக இருந்தேன். அத்தனை வருடமும் மாற்றுச் சான்றிதழில் ‘மாணவரின் நடத்தை’ என்ற கட்டத்துக்கு நேராக நான் எழுதியது ஒரே சொல்தான்: நன்று. மதில் ஏறிக் குதித்துப் படத்துக்குப் போனவனுக்கும் நன்று. தாய் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்குத் தினமும் தலை வாரிப் பின்னிவிட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தவளுக்கும் நன்று. கை அப்படியே பழகிவிட்டது.

என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் ஒரு வரி இடறினால் ஐந்தொகை நேராகும் வரை சாப்பிட உட்கார மாட்டார். நான் எழுதிய சான்றிதழ்களைப் பார்த்திருந்தால், “எல்லாப் பேருக்கும் ஒரே தொகை எழுதுறதுக்குப் பேரு கணக்காடா?” என்று கேட்டிருப்பார்.

அந்தக் குறுகுறுப்பு இருந்ததால்தான், ஒரு வருடம் தலைமை சிஸ்டர் “பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளில் ஒருத்தரைச் சேவைக்கும் தலைமைப் பண்புக்கும் பாராட்டணும், கிளார்க் சார்” என்றபோது, நானே அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் மே மாதம் வந்தால் கூப்பிடுகிறார்கள். நான் திருநீறு பூசுகிறவன். எங்கள் பிள்ளைகளிலும் பலர் கிறிஸ்தவர்கள் அல்ல. அதனால் எந்த வேலைக்கும் இடைஞ்சல் வந்ததில்லை. உங்கள் பள்ளியிலோ தேவாலயப் பங்கிலோ இப்படி ஒன்று செய்ய நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது

முதலில் ஆசிரியர் அறைக்குப் போகாதீர்கள். அங்கே கேட்டால் எஸ்.பி.எல். பெயர்தான், அதாவது பள்ளி மாணவர் தலைவர் பெயர்தான் வரும். காலைக் கூட்டத்தில் ‘அட்டென்ஷன்’ சொல்ல நல்ல குரல் இருந்தால் எஸ்.பி.எல். ஆகிவிடலாம். நான் முதலில் போவது வாட்ச்மேன் அண்ணனிடம். அப்புறம் சத்துணவுக் கூடத்து அக்கா, வேன் டிரைவர், கழிப்பறை கழுவுகிற ஆயா. எல்லாரிடமும் ஒரே கேள்வி: “யாரும் சொல்லாமலே வேலை செய்யிற பிள்ளை யாரு?” மூன்று வாயில் ஒரே பெயர் வந்தால் குறித்துக்கொள்வேன். ஆசிரியர்களிடம் போவது அதற்குப் பிறகுதான்.

சான்றிதழ்க் கட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஊருணி தூர் வாரியதாகப் படம் இருக்கும். மண்வெட்டியோடு நிற்கிற எல்லாரும் வெட்டியவர்கள் இல்லை. ஒரு முறை முகாம் முடிந்த மறுநாள் “கையைத் திருப்பிக் காட்டுங்க” என்றேன். நாலு பேர் கையில்தான் கொப்புளம் இருந்தது. அதில் ஒருத்தி படத்திலேயே இல்லை, ஏனென்றால் படம் எடுத்தவள் அவள்தான்.

சேவையைக் கண்டுபிடிப்பது எளிது. தலைமைப் பண்பைத்தான் தேட வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கிற சோதனை, அந்தப் பிள்ளை வராத நாளில் என்ன நடந்தது என்று விசாரிப்பது. ஒரு பெண்ணின் கதையைச் சொன்னால் புரியும். பள்ளி 4:15க்கு விடும். கிராமத்து டவுன் பஸ் 5:40க்குத்தான். நடுவில் ஆறாம் வகுப்புச் சிறுசுகள் ரோட்டோரம் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கும். அதே பஸ்ஸில் போகிற பிளஸ் ஒன் பெண் ஒருத்தி, அவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல ஆரம்பித்தாள். யார் எந்தப் பக்கம் வரை வாசித்தார்கள் என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதினாள். இரண்டாம் வருடம் அரையாண்டுத் தேர்வின்போது அவளால் 11 நாள் வர முடியவில்லை. அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். 11 நாளும் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது, ஒரு தேதிகூட விடுபடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நடத்தியிருக்கிறார்கள். நோட்டை மூடிவிட்டு, இந்த வருடத்துக்கு வேறு பெயர் தேட வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொன்னேன்.

பிள்ளையிடமும் கேளுங்கள்

பெயர் முடிவானதும் நேரே மேடைக்குப் போகக் கூடாது. பிள்ளையையும் பெற்றோரையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், உதவி பெற்றவர்களிடம் கேட்பது. இதில் நான் ஒரு வருடம் பெரிய தப்பு செய்தேன். ‘தன் வகுப்புத் தோழிக்கு ஓராண்டு மதிய உணவு கொண்டுவந்தவள்’ என்று பாராட்டு மடலில் எழுதி, நானே மைக்கில் வாசித்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் தோழி யார் என்று வகுப்புக்கே தெரியும். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் முடியும் வரை தலை நிமிரவே இல்லை. பாராட்டு வாங்கினவளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒருத்தருடைய பசி, கடன், நோய், வீட்டுச் சண்டை எதுவும் மடலில் வராது. தண்ணீர் சுமந்தது, மரம் வைத்தது, பாடம் சொல்லிக்கொடுத்தது, கூட்டம் சேர்த்தது போன்றவை மட்டும் வரும்.

சில பிள்ளைகள் வேண்டாம் என்பார்கள். ஒரு பையனின் அப்பத்தா, “இடது கை அறியாம வலது கை செய்யணும்னு ஃபாதரே சொல்றாரே, நீங்க மைக்கு வெச்சுச் சொல்லப்போறீங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிஸ்டர்தான் விவிலியத்தைத் திறந்து காட்டினார். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அப்படி இருக்கிறது. இயேசு மலைமேல் சொன்ன அதே போதனையில், அதற்கு முந்தின அதிகாரத்தில், உங்கள் நற்செயல்களை மக்கள் கண்டு விண்ணகத் தந்தையைப் போற்றும்படி உங்கள் ஒளி ஒளிரட்டும் என்றும் இருக்கிறது. செய்கிறவன் தானே தண்டோரா போடக் கூடாது, பார்த்தவர்கள் சொல்லலாம் என்று சிஸ்டர் விளக்கம் சொன்னார். அப்பத்தா சமாதானம் ஆகவில்லை, ஆனாலும் விழாவுக்கு வந்தார். பிள்ளையே வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். வற்புறுத்திப் போர்த்துகிற சால்வை யாருக்கும் கதகதப்பாக இருக்காது.

பாராட்டு மடல்

மொத்த வேலையில் பாதி இதுதான். அச்சகத்தில் கேட்டால் ‘கலங்கரை விளக்கே, கருணையின் சிகரமே’ என்று தொடங்குகிற மடல் தயாராக வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதுவும் ‘நன்று’ எழுதுவதும் ஒன்றுதான், என்ன, பார்டர் போட்டிருக்கும்.

நான் ஒரு தாளில் முதலில் எண்களை எழுதுவேன்: எத்தனை நாள், எத்தனை பேர், எந்த இடம், எந்த நேரம். ஒவ்வொன்றையும் இரண்டு பேரிடமாவது சரிபார்ப்பேன். அப்புறம் எழுத உட்கார்ந்தால் உவமை தேட வேண்டியிருக்காது. ‘செல்வி இன்னார் அவர்கள்’ என்று விறைப்பாக எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. பெரியவர்கள் பிள்ளைக்குச் சொல்வது, அதனால் ‘நீ’ என்றே எழுதுவேன். வேப்பமரத்தடிப் பெண்ணுக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி:

“இரண்டு ஆண்டுகளாக, பள்ளி விட்ட பிறகு 5:40 பஸ் வரும் வரை, வேப்பமரத்தடியில் 19 பிள்ளைகளை வாசிக்க வைத்தாய். உன் நோட்டில் இருக்கிற கடைசித் தேதி பிப்ரவரி மாதத்தது. மழை நாளில் சைக்கிள் கொட்டகைக்கு இடம் மாற்றினாய். உனக்குத் தேர்வு வந்தபோது இருவரைப் பழக்கிவிட்டுப் போனாய், அவர்கள் இன்னும் நடத்துகிறார்கள். முதல் வாரம் எழுத்துக் கூட்டி வாசித்த பிள்ளை ஒருத்தி இன்று உன்னைப் பற்றி இங்கே வாசிக்கப்போகிறாள். நாங்கள் இதைப் பார்த்தோம். நன்றி.”

அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ‘நாளைய தலைவியே’ என்று ஒரு வரி சேர்க்க எல்லாருக்கும் கை அரிக்கும். சேர்க்காதீர்கள். இன்றைக்கே நடத்திக் காட்டியவளை நாளைக்குத் தள்ளுவானேன்? பாரிஸில் 1833இல், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாமுக்கு வயது 20தான். 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குட்டிஸ் 15 வயதிலேயே இறந்துபோனவர். வயதைக் காரணம் காட்டும் ஆசிரியர்களிடம் சிஸ்டர் சொல்லும் இரண்டு பெயர்கள் இவை.

எப்போது, எங்கே

தேர்வு முடிவு வருகிற நாளில் வேண்டவே வேண்டாம். அன்று ஊரில் மார்க்கைத் தவிர வேறு பேச்சு இருக்காது. ஜூன் பிறந்துவிட்டால் பிள்ளைகள் கல்லூரி, விடுதி என்று திருச்சிக்கும் மதுரைக்கும் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் மே 31ஐப் பிடித்துக்கொண்டோம். அக்கினி நட்சத்திரம் முடிந்திருக்கும். அதோடு, அன்று மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா. வயதான காலத்தில் கருவுற்ற உறவுக்காரப் பெண்ணைப் பார்க்க, தானும் கருவுற்றிருந்த மரியா மலைநாட்டுக்கு விரைந்து போய், ஏறக்குறைய மூன்று மாதம் கூட இருந்தார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். கூடமாட ஒத்தாசைக்குப் போன ஒரு சின்னப் பெண்ணின் விழா. இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்குமா? வெயில் தாழ்ந்து, 5:30க்கு வையுங்கள்.

கோயிலில் நடக்கும் திருப்பலிப் பூசைக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஃபாதர் ஆற்றும் மறையுரைக்குப் பதிலாகப் பாராட்டு வைக்கக் கூடாது என்பது முறை. நற்கருணை அப்பம் வாங்கிய பின் வரும் மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசீருக்கு முன்னால் சிறு அறிவிப்புக்குத்தான் இடம் உண்டு. இன்னொரு சிக்கல், பிள்ளையின் குடும்பம் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டால், நற்கருணைக்கு எல்லாரும் வரிசையாக எழுந்து போகும்போது, தாங்களும் எழுவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் தவிப்பார்கள். நானே ஆரம்பத்தில் அப்படித் தவித்தவன். அதனால் விசுவாசிகள் மன்றாட்டில் பள்ளி முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஒரு வரி, பாராட்டு விழா வெளியே முற்றத்தில் என்று பிரித்துவிட்டோம்.

பெரிய மனிதர்களைக் கூப்பிடுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஒரு வருடம் தலைமை விருந்தினருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், கடைசி பஸ் போய்விட்டது. இப்போது பேசுகிறவர்கள் மூன்று பேர்தான், பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளை, வாட்ச்மேன் அண்ணன், ஓர் ஆசிரியர். ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் நாளே மைக்கைக் கையில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். ஏற்புரை கட்டாயம் இல்லை. அம்மாவுக்கு முன்வரிசையில் பெயர் எழுதி நாற்காலி போடுங்கள், இல்லாவிட்டால் கடைசித் தூணோரம் போய் நின்றுகொள்வார். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருந்தால், அவருடைய ஷிஃப்ட் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வீடியோ காலில் பிடியுங்கள்.

கையில் என்ன கொடுப்பது

பிளாஸ்டிக் ஷீல்டு பரணுக்குப் போகும். சால்வை இன்னொரு விழாவில் இன்னொருவர் தோளுக்குப் போகும். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லில் பிள்ளையின் பெயரை வார்த்துக் கொடுக்கலாம் என்று ஒரு வருடம் எனக்கு ஆசை வந்தது. பட்டறைக்காரர் சிரித்தார். “கண்ணாடி மேல கவுத்துப் போட்டுச் செய்யிறதுண்ணே, எழுத்தை இடவலம் மாத்தித்தான் ஊத்தணும். அப்படியே செஞ்சாலும் இந்தக் கனத்தை அந்தப் பிள்ளை ஹாஸ்டலுக்கா தூக்கிட்டுப் போகும்?” அவர் சொன்னதும் சரிதான்.

இப்போது பனையோலைக் கொட்டான், அதாவது பின்னிய சிறு கூடை, கொடுக்கிறோம். நம் ஊர்க் கல்யாணத்தில் கொட்டான் இல்லாமல் எதுவும் கொடுத்து வாங்குவதில்லையே. ஓலைக்குச் சாயம் ஏற்றிப் பின்ன நாள் பிடிக்கும், அதனால் மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே மடலைச் சுருட்டி வைத்து, ஒரு நல்ல பேனாவும் கெட்டி அட்டை நோட்டும் வைப்போம். பணம் கொடுப்பதாக இருந்தால் மேடையில் உறை நீட்டாதீர்கள், பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஒற்றை ரூபாய் சேர்த்து 1001, 2001 என்று போட்டால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுத்துச் சூடாகத் தின்ன வேண்டிய பண்டம் அது. எண்பது பேருக்கு நின்று ஊற்ற ஆள் கிடைக்காது. முதல் நாளே செய்து வைக்கக்கூடிய அதிரசமும் தேன்குழலும் போதும், காபி மட்டும் சூடாக இருக்கட்டும்.

விழா முடிந்த மறுநாள் இரண்டு வேலை பாக்கி இருக்கும். மடலின் நகல் ஒன்றைப் பள்ளிக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஏழெட்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும்போது, அப்போதைய எழுத்தருக்கு எழுத ஏதாவது இருக்கும். இன்னொன்று கணக்கு. போன வருடம் வசூல் 9,400, செலவு 9,260. மீதி 140 ரூபாயை, சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்தோனியார் உண்டியலில் போட்டுவிட்டு ஏட்டில் வரவு செலவு நேராக்கிக் கையெழுத்துப் போட்டேன்.