மலையில் வீடு கட்டும்போது நடுவில் வரும் மாற்றங்கள்: முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி?

"அண்ணா, இந்த ஜன்னலை இன்னும் ரெண்டு அடி அகலமாக்கிடலாமா?"

"தாராளமா பண்ணிடலாம் சார்."

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வேலை நடக்கிற எந்த இடத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். எவ்வளவு ஆகும், எத்தனை நாள் தள்ளும், யார் கொடுப்பது என்று இதில் ஒன்றும் இல்லை. மூன்றும் கடைசி பில்லில் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும்.

மாற்றமே இல்லாமல் மலையில் வீடு கட்ட முடியாது. தோண்டினால்தான் பாறை தெரியும், மழை பெய்தால்தான் ஊற்று தெரியும். அதனால் மாற்றம் வரும்போது என்ன செய்வது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வீட்டுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

படி 1: எதிலிருந்து மாறுகிறது என்பதை உறுதி செய்யுங்கள்

அனுமதி வாங்கிய பிளான், வேலைவாரியான எஸ்டிமேட், எந்த வேலை எந்த வாரம் என்ற அட்டவணை ஆகிய மூன்றிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒப்பந்தம் மட்டும் இருந்தால் எது கூடுதல் வேலை, எது ஏற்கெனவே பேசியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கூடுதல் வேலைக்கான ரேட்டையும் இப்போதே பேசிவிடுங்கள். கருங்கல் கட்டு கன அடிக்கு, செங்கல் சுவர் சதுர அடிக்கு, கம்பி கிலோவுக்கு, கொத்தனார், சித்தாள் நாள் கூலி, ரோட்டிலிருந்து தளத்துக்குச் சுமைகூலி. சுவர் பாதி எழும்பிய பிறகு ரேட் கேட்டால் மேஸ்திரி சொல்வதுதான் விலை. லாரி போகாத சரிவில் சுமைகூலிதான் பலர் மறக்கிற கணக்கு. 10 மூட்டை சிமென்ட் என்றால் 500 கிலோ, அதை ஆள் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

படி 2: ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைசி நாள் குறியுங்கள்

இந்தப் படியைச் சரியாகச் செய்தாலே பாதித் தலைவலி போய்விடும். கட்டடம் நிற்கும் இடம், தடுப்புச் சுவரின் உயரம், செப்டிக் டேங்க் ஆகியவற்றை மாற்றுவதானால் பூட்டிங் (அஸ்திவாரக்) குழி எடுக்கும் முன். கழிவறை இடத்தை மாற்றுவதானால் பேஸ்மென்ட்டில் (தரைமட்டம் வரை) மண் நிரப்பும் முன். 4 அங்குலக் குழாயை 40-க்கு 1 வாட்டத்தில் (40 அடிக்கு 1 அடி இறக்கம்) போட்டால் 20 அடி ஓட்டத்துக்கு அரை அடி இறங்க வேண்டும், கழிவறையைத் தள்ளிப் போட்டால் அந்த இறக்கம் கிடைக்காமல் போகலாம். ஜன்னல் அகலத்துக்கு, சுவர் ஜன்னல் அடிமட்டத்தைத் தொடும் முன். மின்குழாய், பேன் கொக்கி, தண்ணீர் டேங்க் இடம் எல்லாம் ரூஃப் கம்பி கட்டும் முன். சுவிட்ச் பெட்டிகள் பூச்சுக்கு முன்.

இந்த நாள்களை மலைக்கு ஏற்ப இன்னும் முன்னால் தள்ளுங்கள். பிரேமும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ ஏறி வர வேண்டும். மே மாத சீசனில் மலைப்பாதையை ஒருவழியாக்குவார்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மண் சரிந்தால் பாதையே அடைபடும். கூடலூர், பந்தலூர் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதே கதை.

படி 3: மாற்றச் சீட்டு எழுதுங்கள்

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை நம்பாதீர்கள். நோட்டில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதிரி:

மாற்றம் எண்: 4
கேட்டவர்: வீட்டுக்காரர்
இடம்: ஹால், கிழக்குச் சுவர் ஜன்னல்
என்ன: அகலம் 4 அடியிலிருந்து 6 அடி, உயரம் 4 அடி, மாற்றமில்லை
வேலை நிலை: சுவர் ஜன்னல் அடிமட்டத்துக்கு ஒரு வரி கீழே
கூடுவது: பிரேம், கண்ணாடி, லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) கம்பி
குறைவது: சுவர் 8 சதுர அடி, இருபக்கப் பூச்சு 16 சதுர அடி
தொகை, நாள்: (எழுதிய பிறகே கையெழுத்து)

"கூடுவது" வரியை எல்லோரும் எழுதுவார்கள். "குறைவது" வரியை நீங்கள்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

சீட்டின் மூலையில் வகையையும் குறியுங்கள்: பாறை, ஊற்று என்று நிலம் கேட்ட மாற்றமா, ஆசை மாற்றமா, தவறைத் திருத்துவதா? முதல் இரண்டுக்கும் பணம் வீட்டுக்காரருடையது. மூன்றாவதற்கு, தவறு செய்தவருடையது. வாஸ்து பார்ப்பவர் பாதியில் வந்து சொல்வதெல்லாம் இரண்டாம் வகை, சந்தேகமே வேண்டாம்.

படி 4: விளைவைக் கணக்கிடுங்கள்

"ரெண்டு அடிதானே" என்ற சொல்தான் மலையில் அதிகம் செலவு வைக்கிறது. 30 அடி நீளத் தடுப்புச் சுவர் 6 அடி உயரம் என்று பேசியிருக்கிறீர்கள். முற்றம் பெரிதாக வேண்டுமென்று 8 அடி ஆக்குகிறீர்கள். தோராயமாகச் சுவரின் அடிப்பகுதி அகலம் உயரத்தில் பாதி, மேல் அகலம் ஒன்றரை அடி என்று வைத்தால், 6 அடிச் சுவருக்கு 405 கன அடி கல்கட்டு, 8 அடிச் சுவருக்கு 660. உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் கல் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது.

அதைவிட முக்கியம், மண்ணின் தள்ளு விசை உயரத்தின் வர்க்கத்தில் கூடும். சுவரைக் கவிழ்க்கும் திறன் அதற்கும் மேலே, கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஆகவே 3 அடி அகலத்துக்கு அடித்தளம் போட்டுவிட்ட சுவரின் தலையில் இரண்டு அடி ஏற்றுவது கூடவே கூடாது. நீர் வடியும் குழாய்கள் மண்ணில் அடைபட்டால் அப்படிப்பட்ட சுவர் முதல் பெரிய மழையிலேயே வயிறு தள்ளும். இந்த வகை மாற்றத்துக்கு இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் ஒரு கல்லும் நகரக் கூடாது.

நாள் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். நடுச்சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்கினால் உத்தரம் வரும். ஸ்லாப்பின் இடைத்தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் அடியில் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள்; உத்தரம் 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கான கணக்கு இது. ஊட்டியில் டிசம்பர் இரவில் கான்கிரீட் போட்டுவிட்டு இதே நாளில் முட்டுகளைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்து அனுமதி. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மரம் வெட்டுவது 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். மாற்றம் இதில் எதையாவது தொட்டால் திருத்திய பிளானுக்கு அனுமதி வரும்வரை அந்தப் பகுதி வேலையை நிறுத்துங்கள். சீல் வைத்த கட்டடத்தில் மேஸ்திரிக்கு நஷ்டமில்லை.

படி 5: யார் சரி சொல்வது?

வீட்டுத் தரப்பில் ஒருவர் மட்டும். அப்பா ஒன்று சொல்லி, பெங்களூரிலிருந்து மகன் போனில் வேறொன்று சொன்னால் மேஸ்திரி தனக்கு வசதியானதைச் செய்வார்.

ஒரே விதிவிலக்கு ஆபத்து. வெட்டிய மண் சரிகிறது, குழியில் ஊற்று கிளம்புகிறது என்றால் முட்டுக் கொடுப்பது, தண்ணீரைத் திருப்புவது போன்றவற்றை மேஸ்திரி உடனே செய்யலாம். சீட்டை மறுநாளுக்குள் எழுத வேண்டும்.

பணத்துக்கு, எஸ்டிமேட்டில் பத்து சதவீதத்தைத் தனியே வையுங்கள். 25 லட்சம் என்றால் இரண்டரை லட்சம். அதில் ஒன்றரை லட்சம் நிலத்துக்கு, ஒரு லட்சம் ஆசைக்கு. ஆசைப் பணம் தீர்ந்தால் ஆசை மாற்றமும் நின்றுவிட வேண்டும். நிலத்துப் பணத்தை ரூஃப் போடும்வரை தொடாதீர்கள்.

படி 6: பழைய பிளானை அப்புறப்படுத்துங்கள்

சீட்டில் கையெழுத்தானதும் பிளானைத் திருத்தி, மூலையில் திருத்த எண்ணும் தேதியும் போட்டு, தளத்தில் உள்ள பழைய பிரதிகளை எல்லாம் வாங்கிவிடுங்கள். கம்பி கட்டுபவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் ஜெராக்ஸையும் சேர்த்துத்தான். சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்) ஆள், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஜன்னல் பட்டறை நால்வருக்கும் சொல்லியாயிற்றா என்று சீட்டிலேயே டிக் போடுங்கள். பட்டறைக்குச் சொல்லாமல் விட்டால் 6 அடித் திறப்புக்கு 4 அடி பிரேம் வந்து இறங்கும்.

படி 7: வாரா வாரம் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே அந்த வாரச் சீட்டுகளை டேப் வைத்து அளந்து, கூடுதலையும் கழிவையும் எழுதி மொத்தத்தைப் போடுங்கள். அஸ்திவாரம், குழாய் போன்ற மறைகிற வேலைகளை மூடும் முன் அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். மூடிய பிறகு ஆழம் 3 அடியா 4 அடியா என்று வாதாடிப் பயனில்லை. வேலை முடிந்ததும் எல்லாத் திருத்தங்களும் ஏறிய ஒரு பிளானை, குழாயும் ஒயரும் போகும் பாதையோடு, இன்ஜினியரிடம் வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள்.